தேயிலை மலையில் கற்கால இடம் தேடுவது எப்படி?

இலங்கையின் ஊவா மலைநாட்டில், பண்டாரவளை, அப்புத்தளை, தியத்தலாவைப் பக்கம் தேயிலைக்குள் நடந்தால் காலடியில் வெள்ளைக்கல் சில்லுகள் மிதிபடும். அதில் பெரும்பாலானவை தானாக உடைந்தவை. கொஞ்சம் மண்வெட்டியில் உடைந்தவை. மிகச் சில, பல்லாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மனிதன் உட்கார்ந்து உடைத்தவை. அந்தக் கடைசி வகையைப் பிரித்தறிவதும், அது கிடக்கும் இடத்தை ஒழுங்காகப் பதிவுசெய்வதும் எப்படி என்று இங்கே சொல்கிறேன். நான் ஊவாப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறவன். விடுமுறையில் ஆய்வுக் குழுக்களோடு உதவியாளாக மலையேறுவது வழக்கம். தோண்டுவது பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. தரையில் கிடப்பதைப் பார்த்து எழுதும் வேலை மட்டும்தான்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1998இல் திருத்தி இறுக்கினார்கள். தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் தொல்பொருளுக்காக நிலத்தைத் தோண்டக் கூடாது. ஆகவே அனுமதிப் பத்திரமுள்ள குழுவோடு போனால் அவர்கள் சேகரிப்பார்கள். தனியாகப் போனால் படம் எடுத்துவிட்டுக் கல்லை அங்கேயே வைத்துவிட வேண்டும். தோட்டம் என்றால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி, கிராம உத்தியோகத்தருக்கு ஒரு தகவல். ஹோர்ட்டன் சமவெளியில் 2,000 மீட்டருக்கு மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அது 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதையெல்லாம் ஒரு கடிதமாகத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துப் பொலிதீன் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் குனிந்து கல் பார்க்கிறவனை ஊர் இரண்டு விதமாகத்தான் நினைக்கும்: மாணிக்கக்கல் தேடுகிறான், இல்லாவிட்டால் புதையல் தோண்ட வந்திருக்கிறான். இரண்டுமே பொலிஸில் போய் முடியக்கூடிய சந்தேகங்கள்.

எதைத் தேடுகிறோம்

படத்தில் பார்த்த பெரிய கைக்கோடரியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் கண்ணில் படாது. மலைநாட்டில் கிடைப்பவை பெரும்பாலும் நுண்கற்கருவிகள். நான்கு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம். பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம். கல் பெரும்பாலும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். சில இடங்களில் கண்ணாடி போன்ற தெளிந்த பளிங்கு, அபூர்வமாகச் சேர்ட் என்ற வழவழப்பான தீக்கல் வகை. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட சின்னக் கருவிகள் பரவலானது பனிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில். இலங்கையிலோ பாஹியன்கல குகையில் சுமார் 48,000 ஆண்டுக்கு முந்தைய மண்ணடுக்கிலேயே அவை வந்துவிட்டன. கித்துல்கல பெலிலென, குருவிட்டைக்குப் பக்கத்துப் பட்டதொம்பலென ஆகிய குகைகளும் 30,000 ஆண்டைத் தாண்டுகின்றன. ஆகவே பழைய கற்காலத்தில் பெரிய கருவி, இடைக்கற்காலத்தில் சின்னக் கருவி என்று நாங்கள் பிள்ளைகளுக்கு எழுதிப்போடும் அட்டவணையை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இந்தத் தேடலுக்கு வயது நூறுக்கு மேல். 1880களில் மஸ்கெலியாவில் ஜோன் போல் என்ற தேயிலைத் துரையும், பேராதனை, நாவலப்பிட்டிப் பக்கம் ஈ. ஈ. கிரீனும் இந்தச் சில்லுகளைக் கவனித்துப் பொறுக்கினார்கள். 1907இல் சரசின் என்ற சுவிஸ் நாட்டு உறவினர் இருவர் ஊவாக் குகைகளுக்கு வந்தார்கள். 1910களில் ஹார்ட்லி என்பவர் பண்டாரவளையின் சர்ச் ஹில் உச்சியில் குவியல் குவியலாக நுண்கருவி எடுத்தார். காடு வெட்டி, கான் (வடிகால்) வெட்டி, மண்ணைப் புரட்டி அந்தக் கற்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கைகள் யாருடையவை என்பதை அந்தக் காலத்து எழுத்துகளில் தேடினால் கிடைக்காது. நமக்குத் தெரியும்.

நடக்கத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, இடத்தின் அளவு. இலங்கையின் கற்கால முகாம்கள் மிகச் சிறியவை, 50 சதுர மீட்டரைத் தாண்டுவது அரிது என்று தொல்லியலாளர் எஸ். யூ. தெரணியகல எழுதியிருக்கிறார். நாலைந்து லயக் காம்பராக்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறைகளை) சேர்த்தால் வருகிற பரப்பு, அவ்வளவுதான். குறுக்களவு ஏழெட்டு மீட்டர். இருபது மீட்டருக்கு ஒருவராகப் பிரிந்து மலையைச் சீவிக்கொண்டு போனால் நடுவில் ஒரு முழு முகாமே தப்பிவிடும். ஐந்து மீட்டருக்கு ஒருவர் வேண்டும். அதற்குக் கயிறும் கம்பும் தேவையில்லை. வீப்பித் தேயிலை (கிளைத்துண்டிலிருந்து வளர்த்து நட்டது) என்றால் நிரைக்கு நிரை நாலடி இடைவெளி. நான்கு நிரைக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால் கணக்குச் சரியாக வரும். பழைய விதைத் தேயிலையில் நிரை கோணல்மாணலாக ஓடும், அங்கே மட்டும் திசைகாட்டியைப் பார்த்து நடங்கள்.

எந்த மலை, எந்த மாதம்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை விரித்து, சமவுயரக் கோடுகள் அகன்று நிற்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: மலையுச்சித் தட்டை, நீண்டு இறங்கும் கிளைமலையின் முனை, இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் கணவாய். பக்கத்தில் ஓடை இருக்கிறதா, அங்கிருந்து பள்ளத்தாக்குத் தெரியுமா என்று பாருங்கள். நான் போன இடங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. வேட்டைக்காரன் உட்கார விரும்பிய இடமும் துரை பங்களா கட்ட விரும்பிய இடமும் ஒன்றே. காற்று, தண்ணீர், நாலு பக்கமும் பார்வை. ஆகவே பங்களா, கோயில், விளையாட்டு மைதானம் இருக்கும் உச்சிகளை 'ஏற்கனவே வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள்' என்று ஒதுக்காதீர்கள். சமப்படுத்தியபோது வழித்துத் தள்ளிய மண் விளிம்பில் எங்கேயோ கிடக்கும்.

ஊவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) ஆளைத் தள்ளும், ஆனால் தரை காய்ந்து கிடக்கும். தீப்பிடித்து எரிந்த பத்தனைப் புல்வெளி கிடைத்தால் உடனே போங்கள். கரிய தரையில் வெள்ளைச் சில்லு பளிச்சென்று தெரியும், அடுத்த மழைக்குப் புல் மூடிவிடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலைக்குள் என்றால் மாதத்தைவிட வேலை முறை முக்கியம். கொழுந்து எடுக்கும் மலையில் தரையே தெரியாது. கவ்வாத்து வெட்டிய (செடியைக் கத்தரித்த) மலையில் முதலில் வாதும் இலையும் மூடிக் கிடக்கும், அவை மக்கிய பின் சில மாதங்கள் தரை திறந்திருக்கும். அதுதான் நம் நேரம். மீள்நடுகைக்குப் பிடுங்கிய மலை இன்னும் நல்லது. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களை மழை பெய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மண் கழுவப்பட்டுக் கற்கள் தனியே தெரியும். காலை ஏழரை, எட்டு மணி வெயிலில் சூரியனைப் பார்த்தபடி நடந்தால் குவார்ட்ஸ் மின்னும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி.

மண் நகர்ந்த கதை

மலைநாட்டு ஆய்வைச் சமவெளி ஆய்விலிருந்து பிரிப்பது இதுதான், இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் காட்டை வெட்டியதிலிருந்து இந்தச் சரிவுகளின் மேல்மண் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கல்லைக் காணும் இடம் அது விழுந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. மலையடியில், கானின் முடிவில், நூறு சில்லு சேர்ந்து கிடந்தால் அதை முகாம் என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. கானைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுங்கள். சில்லு எந்த உயரத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். அதற்குச் சற்று மேலே, பெரும்பாலும் ஒரு தட்டையான துண்டு நிலத்தில், மூலம் இருக்கும்.

நகர்ந்ததா இல்லையா என்று சொல்ல இரண்டு அடையாளங்கள். ஒன்று, விளிம்பு. உருண்டு வந்த சில்லின் விளிம்பு மழுங்கி, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். நகராதது நகத்தைச் சீவும். இரண்டாவதை அதிகம் பேர் பார்ப்பதில்லை: பொடி. கல்லைக் கொத்தும்போது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நொறுக்கு ஏராளமாகத் தெறிக்கும். மழை முதலில் அடித்துக்கொண்டு போவது அதைத்தான். பெரிய துண்டுகளோடு அந்தப் பொடியும் சேர்ந்தே கிடந்தால் அந்த இடம் அதிகம் குலையவில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் மேலே நடக்காமல் நில்லுங்கள், கூட வருகிறவர்களையும் நிறுத்துங்கள். பெரிய துண்டு மட்டும் கிடந்தால் மீதியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

கானின் சுவர் இலவசமாகக் கிடைக்கும் மண்வெட்டு முகம். மேலே கறுத்த மண், கீழே சிவந்த மண், நடுவில் சில இடங்களில் குவார்ட்ஸ் பரல்கள் ஒரு கோடாக ஓடும். அந்தக் கல்வரியைப் பார்த்ததும் மனித வேலை என்று துள்ள வேண்டாம், நம் மலை மண்ணில் அது இயற்கையாகவே உண்டு. அந்தக் கோட்டுக்கு மேலேயா கீழேயா சில்லு செருகி நிற்கிறது என்று மட்டும் குறித்து, அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கத்தியால் சுரண்டிப் பார்க்க மனம் சொல்லும். சுரண்டினால் அதுவும் தோண்டல்தான்.

வெள்ளைக்கல்லைப் படிப்பது

சேர்ட்டில் உடைந்த தடம் தெளிவாகத் தெரியும்: அடித்த இடத்தில் ஒரு புடைப்பு, அதிலிருந்து விரியும் அலைகள். குவார்ட்ஸ் அப்படி இல்லை. உள்ளே ஏற்கனவே வெடிப்புகள் ஓடுவதால் அடித்தால் கன்னாபின்னாவென்று நொறுங்கும். அதனால் ஒரு தனிக் கல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூட்டத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் மூலக்கல் (சில்லுகளை உடைத்தெடுத்த கல்), சில்லு, பொடி, சுத்தியலாகப் பயன்பட்ட கல் எல்லாம் இருந்தால்தான் நம்பலாம். இந்த மக்கள் அதிகம் செய்தது, கல்லை ஒரு அடிக்கல்லின் மேல் நிறுத்தி மேலிருந்து தட்டுவது. அப்படி உடைந்த துண்டில் இரண்டு எதிர் முனைகளும் நசுங்கி இருக்கும். இயற்கையில் இரண்டு முனையும் ஒருசேர நசுங்குவது குறைவு.

பண்டாரவளைப் பக்கம் ஒரு கவ்வாத்து மலையில் பார்த்த துண்டு ஒன்றைச் சொல்கிறேன். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், பால் வெள்ளை. ஒரு பக்கம் நேரான கூர்விளிம்பு, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லியது. மறுபக்கம் வில்லாக வளைந்து, தொட்டால் மொட்டையாக இருந்தது. மணிக்கல் வியாபாரிகள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது அந்த வளைவு முழுக்கச் செங்குத்தான சின்னஞ்சிறு கொத்தல்கள், ஒன்றையடுத்து ஒன்று, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து. பள்ளங்களுக்குள் சிவந்த மண் கறையாக ஏறியிருந்தது. வேண்டுமென்றே மழுக்கிய முதுகு. மரக்கம்பில் பிசின் வைத்துப் பொருத்துவதற்கு. எருமை மிதித்தாலும் விளிம்பில் கொத்தல் விழும், ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, இரண்டு முகத்திலும் மாறி மாறி விழும்.

ஏமாற்றும் கற்களில் முதலிடம் மண்வெட்டியும் முள்ளும் (மண்கிளறும் இரும்புக் கருவி) உடைத்தவற்றுக்கு. குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம், ஆகவே இரும்பு பட்டால் கல்லில் கீறல் விழாது. இரும்புதான் தேய்ந்து கல்மேல் ஒரு சாம்பல் நிறக் கோடாக ஒட்டும், நாள்பட அது துருநிறமாகும். லென்ஸில் அந்தக் கோடு தெரிந்தால் துண்டை விட்டுவிடுங்கள். உடைந்த முகம் புதுச் சீனிக்கற்கண்டு மாதிரிப் பளபளத்தால் அதுவும் நேற்றைய உடைப்பு. பழைய முகத்தில் மங்கலும் கறையும் இருக்கும். தோட்டப் பாதை ஓரத்தில் கிடக்கும் எதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம், ரோட்டுக்குக் கல்லுடைத்துக் கொட்டியிருப்பார்கள்.

வெள்ளைக்கல்லில் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். மலையுச்சியில் ஆற்றங்கரை உருண்டைக்கல் ஒன்று கிடந்தால் அதை யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். நடுவில் விரல் நுனி அளவுக்குக் குழி இருந்தால் கவனமாகப் பாருங்கள், இத்தகைய குழிக்கற்கள் பலாங்கொடைப் பண்பாட்டு (இலங்கையின் நுண்கற்கருவி மக்களின் பண்பாட்டு) இடங்களில் வழக்கமானவை. லயத்திலிருந்து எறிந்த உடைந்த அம்மிக்குழவியும் இப்படித்தான் உருண்டையாக இருக்கும். மேலே யாரும் கல்லை வைத்துக் கும்பிட்டிருந்தால் அது ஆய்வுக்குரியது அல்ல, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போங்கள்.

கேட்க வேண்டியவர்கள்

கொழுந்து எடுக்கிற அக்காமாரையும் கான் வெட்டுகிற அண்ணன்மாரையும்விட ஒரு மலையை அறிந்தவர் இல்லை. 'கற்கருவி பார்த்திருக்கிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'எந்த மலையில வெள்ளைக்கல்லு காலைக் கிழிக்குது?' என்று கேளுங்கள். 'ஏழாம் நம்பர் மலை உச்சியில, மாடன் கோயிலுக்குப் பின்னால' என்று உடனே பதில் வரும். கேட்பதற்குக் காலைப் பெரட்டோ (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டமோ) தேத்தண்ணி நேரமோ நல்லது. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது நிரைக்குள் நுழைந்து பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு அது கிலோக் கணக்கு. 'மாணிக்கமா தம்பி?' என்று கேட்டால் லென்ஸைக் கையில் கொடுத்து ஒரு சில்லைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கம் பாதியிலேயே முடிந்துவிடும், அப்புறம் அவர்களே காட்டித் தருவார்கள்.

பிள்ளைகளிடம் 'ஒரு கல்லுக்கு இருபது ரூபா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் பை நிறையக் கல் வரும், எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது, பாதி லயத்து வாசலில் உடைத்ததாக இருக்கும்.

எழுதுவது

இடத்தின் பெயர், தோட்டம், பிரிவு, மலை நம்பர், உயரம், சரிவு, சரிவு பார்க்கும் திசை, தரை எத்தனை வீதம் தெரிகிறது, சில்லு பரவியிருக்கும் நீள அகலம். இவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் கற்பனை கலக்கும். போன் ஜிபிஎஸ் திறந்த உச்சியில் ஐந்து மீட்டருக்குள் காட்டும். சவுக்கு மரத்தடியிலும் பள்ளத்திலும் தடுமாறும். ஆள்கூறு எந்த முறையில் என்றும் எழுதுங்கள். போன் காட்டுவதும் நில அளவைத் திணைக்கள வரைபடத்தின் கட்டமும் வேறு வேறு முறை.

அடர்த்தியை அளக்க ஒரு முளை, இரண்டு மீட்டர் கயிறு போதும். முளையைத் தரையில் குத்தாமல் கையால் பிடித்துக்கொண்டு கயிற்றைச் சுற்றினால் சுமார் 12.5 சதுர மீட்டர் வட்டம். அதற்குள் மூலக்கல் எத்தனை, சில்லு எத்தனை, கருவி எத்தனை, பொடி உண்டா என்று எண்ணுங்கள். உச்சியில் ஒன்று, சரிவில் ஒன்று, அடியில் ஒன்று என்று வட்டம் போட்டால் மண் நகர்ந்த கதையும் எண்களில் வந்துவிடும். ஒன்றும் கிடைக்காத மலைக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தரை நன்றாகத் தெரிந்தும் ஒன்றுமில்லை என்பதும், தேயிலை மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்பதும் வேறு வேறு தகவல்.

வயது கேட்பார்கள். தரையில் கிடக்கும் கல்லை வைத்து ஆண்டுக்கணக்குச் சொல்ல வேண்டாம். பெலிலெனவில் வயது கிடைத்தது மூடிக் கிடந்த அடுக்குகளில் கரி இருந்ததால். 'நுண்கற்கருவி, மேற்பரப்பு' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தை முகநூலில் போடுவதென்றால் இட விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள், புதையல்காரர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஆபத்துகளில் அட்டை வெறும் தொல்லை. கால்மேசுக்கு மேல் சவர்க்காரம் தடவினால் சமாளிக்கலாம். குளவி அப்படியல்ல, கொழுந்து எடுக்கும் பெண்கள் கொட்டுப்பட்டு இறந்திருக்கிறார்கள். கூடு எந்த மரத்தில் என்று கங்காணியிடம் கேட்காமல் மலைக்குள் இறங்காதீர்கள், மருந்தடித்த மலையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மண்சரிந்த முகம் ஆய்வாளனுக்கு ஆசை காட்டும், புது மண்வெட்டு அல்லவா. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப்பின் வெடிப்போடியிருக்கும் சரிவுக்குக் கீழே எந்தக் கல்லுக்காகவும் நிற்கக் கூடாது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதற்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

நிரப்பிய தாள்களில் ஒரு பிரதி தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு, ஒன்று தோட்டக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு). கந்தோருக்குப் போகும்போதே அடுத்த வருடம் எந்தெந்த மலைக்குக் கவ்வாத்து, எது மீள்நடுகைக்கு என்ற பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மூடிக் கிடந்ததால் வெறுமையாக விட்ட தாள்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் அடுத்து எந்த மலைக்கு, எந்த மாதத்தில் போவது என்று தெரிந்துவிடும்.